எம்எக்ஸ்-5ஆ, ஜிஆர்86ஆ: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 1, 2025, சனி

இந்த மாதத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பட்டியலில் இருந்த ஏழு கார்களில் ஐந்தை இன்று காலை அடித்துவிட்டேன். மிஞ்சியவை மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86. இரண்டிலும் என்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம். கையால் மாற்றும் ஆறு கியர், டர்போ கிடையாது. புதிதாக வாங்கும் எண்ணம் இல்லை. 2022-ஆம் ஆண்டு வண்டியாக, ஒரே ஒருவர் கையில் இருந்ததாகத் தேடுகிறேன். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பணம் எனக்காக முடிவெடுக்கப் போவதில்லை.

மனம் ஜிஆர்86 பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை ஒளிக்காமல் முதலிலேயே எழுதிவைக்கிறேன். 1983-இல் வந்த டொயோட்டா ஏஇ86 கொரோலாவின் படத்தைப் பள்ளி நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தவன் நான். பெயரில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்தாலே பாதி மனம் போய்விடுகிறது. எம்எக்ஸ்-5 மீது அப்படிப் பழைய பாசம் எதுவும் கிடையாது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானதிலிருந்து நல்ல வண்டி என்று பெயர் வாங்கியது என்பது தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

இரவு மகள் தூங்கிய பிறகு தாளும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி ஒன்று.

ஜிஆர்86-இல் 2,387 சிசி பாக்ஸர் என்ஜின் (சிலிண்டர்கள் நிற்காமல் இருபுறமும் படுத்திருப்பது), சுபாருவுடன் சேர்ந்து உருவாக்கியது, 234 குதிரைத்திறன். எம்எக்ஸ்-5-இல் 2 லிட்டர் என்ஜின், 184. ஐம்பது குதிரை வித்தியாசம் என்றால் கேள்விக்கே இடமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு எடையை எழுதினேன். ஜிஆர்86 சுமார் 1,275 கிலோ. எம்எக்ஸ்-5 சுமார் 1,060. என் எடை 75 கிலோவையும் கூட்டி, ஒவ்வொரு குதிரையும் இழுக்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டால் ஜிஆர்86-இல் 5.8 கிலோ, எம்எக்ஸ்-5-இல் 6.2 கிலோ. ஐம்பது குதிரையும் இந்த 400 கிராமுக்குள் ஒடுங்கிவிட்டன.

நம்பாமல் இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தேன். டயரின் சுற்றளவையும் கியர் விகிதங்களையும் வைத்து, இரண்டாம் கியரில் என்ஜினை நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை ஏற்றினால் என்ன வேகம் வரும்? ஜிஆர்86-க்கு மணிக்கு 99 கிலோமீட்டர், எம்எக்ஸ்-5-க்கு 102. ஆறாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒன்று 2,650 சுற்றிலும் மற்றது 2,450 சுற்றிலும் சுழலும். நிறுவனங்கள் சொல்லும் 0-100 நேரங்கூட 6.3 விநாடி, 6.5 விநாடி. ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும் நேரம்.

இத்தனை நாள் குதிரைத்திறனைச் சொல்லிச் சொல்லியே எனக்கு நானே ஜிஆர்86-க்காக வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் இன்றோடு முடிந்தது. வேறு காரணம் இருந்தால் அது வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

மார்ச் 8, சனி

ஜிஆர்86 ஓட்டினேன். விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நிதானமானவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

கதவைத் திறந்து உட்கார்ந்ததுமே பானெட் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்தது. பாக்ஸர் என்ஜினில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் உயரம் குறைவு, எடையும் கீழே போய்விடுகிறது. இருபுறமும் மட்கார்டின் மேடு மட்டும் மெல்ல எழுந்து நிற்கிறது. முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அறியலாம். 2012-இல் வந்த முந்தைய மாடலில் 4,000 சுற்றுக்கு அருகே இழுவையில் ஒரு தொய்வு உண்டு. இதில் அந்தக் குறையே இல்லை. 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 3,700 சுற்றிலேயே கைக்குக் கிடைக்கிறது, அங்கிருந்து ஒரே சீராக மேலே போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு தயங்குவதில்லை. வண்டியின் உடம்பு சாயவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. உள்ளே கேட்கும் என்ஜின் ஒலியில் ஒரு பகுதி ஸ்பீக்கர் வழியாக வருவது. அது தெரிந்தே போனேன், இருந்தும் காது அதையே தேடியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். பின் இருக்கை இருக்கிறதே, மூவரும் சேர்ந்து போகலாம் என்பது நான் வீட்டில் சொல்லி வந்த முக்கியமான காரணம்.

மகளுக்குப் பத்து வயது. நான் ஓட்டும் நிலையில் என் இருக்கைக்குப் பின்னால் அவள் கால் வைக்க இடமே இல்லை. மனைவியின் இருக்கையை முன்னால் தள்ளியபோது மகள் ஒருவழியாக உட்கார்ந்தாள், மனைவியின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டியது. பின்கண்ணாடி சரிந்து இறங்கும் இடத்தில் மகளின் தலை இருந்தது. அவள் கையை உயர்த்தி, தன் உச்சந்தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல்களை வைத்துக் காட்டினாள். இரண்டு விரல் இடைவெளி.

"அடுத்த வருஷம் நான் வளர்ந்துவிடுவேனே அப்பா" என்றாள்.

வரும் வழியில் மனைவி சொன்னாள்: "வண்டி பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்குங்கள். எங்களுக்காக வாங்குவதாக மட்டும் சொல்லாதீர்கள்."

சரியாகத்தான் சொன்னாள். பின் இருக்கையை மடித்தால் நான்கு சக்கரங்களை உள்ளே அடுக்கலாம், பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. நான் அப்படிப் போகிறவன் இல்லை. மூவருக்கும் வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது.

மார்ச் 15, சனி

முதல் எம்எக்ஸ்-5. அண்ணன் உடன் வந்தார். முப்பது ஆண்டுகளாக என்ஜின்களோடு வாழ்கிறவர், வண்டியைத் தொடுவதற்கு முன் சுற்றி ஒரு முறை நடப்பார். நடந்தார். வலப்பக்கத்து முன் மட்கார்டு அருகே நின்றார். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்து வைத்தார். மற்ற இடங்களில் 100 மைக்ரானை ஒட்டிக் காட்டியது, அங்கே 300-ஐத் தாண்டியது. பானெட்டைத் திறந்து மட்கார்டு போல்ட்டுகளின் தலையைப் பார்த்தார். ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது. முகப்பு விளக்குகளில் ஒன்று மட்டும் புதிது.

"அடிபட்டதா?" என்று கேட்டேன். விற்பவர் இல்லை என்றார். பிறகு, சின்ன உரசல் என்றார். பிறகு, தனக்கு முன்பே நடந்திருக்கலாம் என்றார். ஒரே உரிமையாளர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தவர் அவர்.

மோதியதுகூடப் பெரிதில்லை, ஒழுங்காகச் சரிசெய்திருந்தால் வாங்கலாம். ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொன்னவரிடமிருந்து வாங்க முடியாது. ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பினோம். நேரம் வீணானதில் எனக்குக் கோபம். "தம்பி, வாங்காத வண்டி நஷ்டம் இல்லை" என்றார் அண்ணன், கருவியைத் துடைத்து உறையில் போட்டபடி.

மார்ச் 22, சனி

இரண்டாவது எம்எக்ஸ்-5. என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று நேற்றே சொல்லியிருந்தேன். விற்பவர் அப்படியே விட்டிருந்தார். அண்ணன் சைலன்சரைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

பெயின்ட் எல்லா இடத்திலும் ஒரே அளவு. டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்கம் நான்கிலும் ஒன்றே: 2321. அதாவது 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வண்டியோடு வந்த டயர்கள். தேய்மானம் சீராக இருக்கிறது, ஆனால் விரைவில் மாற்ற வேண்டும்.

அதன் பிறகு அண்ணன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துணிக் கூரையைப் பாதி திறக்கச் சொன்னார். இருக்கைக்குப் பின்னால், கூரைத்துணி உடம்போடு சேரும் மூலையில், மழைநீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மெதுவாக, மருந்து ஊற்றுவதுபோல அதில் ஊற்றினார். நாங்கள் மூவரும் குனிந்து பின்சக்கரத்தின் அருகே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் உடனே சொட்டியது. வலப்பக்கம் ஒன்றும் வரவில்லை. அண்ணன் மெல்லிய நைலான் நூலை உள்ளே விட்டுச் சுழற்றினார். மக்கிய இலைத்துணுக்கும் மண்ணும் நூலோடு வந்தன. மறுபடி ஊற்றினார், சொட்டியது. தரைவிரிப்பைத் தூக்கி உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. இந்தத் துளை அடைத்தால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் தேங்கும், நாளடைவில் துருவேறும் என்றார்.

பிறகு ஓட்டினேன். குளிர்ந்த என்ஜினில் இரண்டாம் கியர் சற்றுத் தடித்து விழுந்தது. பத்து நிமிடத்தில் அது போய்விட்டது. சூடேறிய பின் அந்தக் கியர் குச்சி நகரும் தூரம் என் மணிக்கட்டின் அசைவு மட்டுமே. ஒவ்வொரு கியரும் விழும்போது விரலுக்குத் தெரிகிறது. கியரை மாற்ற வேண்டிய தேவை இல்லாத இடத்திலும் மாற்றினேன்.

குறைகளும் உண்டு. டாஷ்போர்டில் பொருள் வைக்கும் பெட்டியே கிடையாது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பின்னால் கையை வளைத்துத் திறக்க வேண்டும். டிக்கி 130 லிட்டர்தான். நெடுஞ்சாலையில் துணிக்கூரை இரைகிறது, இயல்பான குரலில் பேச முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டினேன். காலையில் எம்எக்ஸ்-5, மதியம் ஜிஆர்86. பதினொரு வளைவுகள் உள்ள மலைப்பாதை; பலகையில் 60 என்று போட்டிருக்கிறது. இரண்டாம் முறையும் சாவியைக் கொடுத்த ஆசிரியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஏழாவது வளைவை மட்டும் எழுதுகிறேன். வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவு, நடுவில் சாலையை வெட்டி ஒட்டுப்போட்ட கோடு ஒன்று உண்டு.

எம்எக்ஸ்-5-இல் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டியின் உடம்பு முதலில் சாய்கிறது. பழகாதவருக்குத் திடுக்கென்றிருக்கும். சாய்ந்து, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடையை வைத்து, அங்கே நிற்கிறது. முன், பின் சக்கரங்களுக்கிடையே 2,310 மில்லிமீட்டர்தான், ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு முன்னாலேயே உட்காருகிறார். அதனால் பின்பக்கம் என்ன செய்கிறது என்பது இடுப்புக்கு நேரடியாகத் தெரிகிறது. ஒட்டுக்கோட்டின் மேல் போனபோது சக்கரம் ஏறி இறங்கியதை உணர்ந்தேன், வண்டியின் பாதை மாறவில்லை. வேகம் 45.

ஜிஆர்86-இல் அதே இடம், அதே 45. ஒன்றுமே நடக்கவில்லை. வண்டி சாயவில்லை, தயங்கவில்லை, ஒட்டுக்கோட்டில் மட்டும் 18 அங்குலச் சக்கரம் ஒரு குத்துக் குத்தியது. 55-இல் ஸ்டீயரிங்கின் கனம் லேசாகக் கூடியது. 60-இல்தான் அது கண்விழித்தது. இன்னும் கொஞ்சம் கொடு, பிறகு காட்டுகிறேன் என்று கேட்டது. அது திமிர் இல்லை, அதன் திறமை. அந்தத் திறமை தொடங்கும் இடத்தில் எனக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் முடிகிறது. அடுத்த வளைவில் என் கால் தானாக அழுத்தப் பார்த்தது. எதிரே சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலை எடுத்துவிட்டேன்.

இறங்கியதும் நோட்டில் எழுதினேன்: எம்எக்ஸ்-5-இல் சந்தோஷம் 40-இல் தொடங்குகிறது. ஜிஆர்86-இல் 60-இல்.

மார்ச் 26, புதன்

இரண்டு நாளாக அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பந்தயத் தடம் பக்கத்தில் இருந்தால், மாதம் ஒரு முறை போகிறவனாக இருந்தால், ஜிஆர்86-ஐத் தவிர வேறெதையும் வாங்கமாட்டேன். என் சாலை அந்தப் பதினொரு வளைவுகள்தான். எதிரே சைக்கிள் வரும் சாலை.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். காரணத்தை மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் விற்பதற்கும் அதுதான் காரணம்" என்றார்.

பள்ளி நோட்டின் அட்டைப்படத்தை நினைத்து வருத்தமாக இருக்கிறது. அந்த இழுவை காலில் இன்னும் இருக்கிறது.

மார்ச் 29, சனி

எம்எக்ஸ்-5-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. புது டயர்களுக்குச் சொல்லிவிட்டேன். வடிகால் துளைக்கு என்று நைலான் நூல் ஒரு சுருள் வாங்கி, இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் முதலில் மனைவியோடு ஒரு சுற்று, பிறகு மகளோடு. கிளம்பும் முன் கூரையைத் தான்தான் திறப்பேன் என்றாள். நடுவில் இருக்கும் ஒற்றைக் கொக்கியை விடுவிக்க அவளுக்குக் கை எட்டியது, பலம் போதவில்லை. என் கையையும் சேர்த்து வைத்து இழுத்தோம். கூரை பின்னால் மடிந்து விழுந்து பூட்டிக்கொண்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நேராக மேலே நீட்டி, தலைக்கு மேல் இடைவெளியை அளந்து பார்த்தாள்.

இரண்டாம் கியர் இன்றும் குளிரில் தடித்துத்தான் விழுந்தது. எண்ணெய் சூடாகும்வரை மூன்றாயிரம் சுற்றைத் தாண்டாமல் போனோம்.