பூட்டுக்கு ஒரு பூட்டு

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். அதில் ஆர்ச் லினக்ஸ், பூட் பார்ட்டிஷன் தவிர டிஸ்க் முழுக்க லக்ஸ் என்க்ரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது). இது போதும் என்றே இரண்டு வருடம் ஓட்டினேன். இன்ஸ்டால் செய்தபோது தொல்லை வேண்டாம் என்று செக்யூர் பூட்டை (நம்பும் கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் காவலை) அணைத்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பிளாக்லோட்டஸ் பற்றி ஈசெட் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. எல்லா அப்டேட்டும் போட்ட விண்டோஸ் 11-லேயே செக்யூர் பூட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடிய பூட்கிட் அது, அதாவது விண்டோஸுக்கும் முன்னால் ஓடிவிடும் தீநிரல். என் மெஷினில் தாண்டுகிற சிரமம்கூட இருந்திருக்காது.

முதல் சனிக்கிழமை சாவி வேலை. ஃபர்ம்வேர் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) மெனுவுக்குள் போய், கையொப்பத்தைச் சரிபார்க்க அதில் இருந்த சாவிகளைப் பென்டிரைவில் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, புதுச் சாவிகளை ஏற்கும் செட்டப் மோடுக்குக் கொண்டுவந்தேன். சாவி வைக்க உள்ளே நான்கு இடங்கள் உண்டு. பிகே வீட்டுக்காரர். கேஇகே அவர் பொறுப்பு கொடுத்து வைத்திருக்கும் ஆள். டிபி பட்டியலில் இருந்தால் உள்ளே வரலாம், டிபிஎக்ஸில் இருந்தால் வாசலோடு திரும்ப வேண்டும்.

எஸ்பிசிடிஎல் என்ற கருவி சாவிகளை நொடியில் உருவாக்கிவிட்டது. பதியப் போனால், ஃபைல் இம்யூட்டபிள் என்று திட்டியது. தவறுதலாக அழிந்துவிடக் கூடாது என்று லினக்ஸின் மையமான கெர்னலே அந்த ஃபர்ம்வேர் ஃபைல்களைப் பூட்டி வைக்கிறது. சேட்டர் கட்டளையில் அந்தக் கொடியை எடுத்ததும் பதிந்தது. மைக்ரோசாஃப்ட் சாவிகளையும் கூடவே சேர்த்துக்கொண்டேன். 'என் மெஷின், என் சாவி மட்டும்' என்று கெத்து காட்ட ஆசைதான். ஆனால் சில கிராஃபிக்ஸ் கார்டுகளின் ஆப்ஷன் ரோம் (கார்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க நிரல்) அந்தச் சாவியில்தான் கையொப்பமாகியிருக்கும். அது ஓடாவிட்டால் திரையே வராமல் போகலாம்.

கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர், கெர்னல் இரண்டிலும் கையொப்பம் போட்டு, செக்யூர் பூட்டை ஆன் செய்தேன். பூட் ஆனது. கையொப்பம் இல்லாத ஆர்ச் பென்டிரைவைச் செருகினால் ஏற்கவில்லை. ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

டீ முடிவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. கையொப்பமான ஃபைல்களின் பட்டியலில் இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னலோடு சேர்ந்து ஏறும் சின்ன தற்காலிக ஃபைல் தொகுப்பு) இல்லை. டிஸ்க் பாஸ்வேர்டைக் கேட்பதே அதுதான். அது இருப்பதோ என்க்ரிப்ட் ஆகாத பார்ட்டிஷனில். சரி, நானே திருடனாகிப் பார்ப்போம் என்று அடியில் திருகுகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பிரித்து, பாஸ்வேர்டு கேட்கும் ஸ்கிரிப்டில், திரையில் எழுத்தைக் காட்டும் ஒரே ஒரு எக்கோ வரி சேர்த்து, திரும்பக் கட்டி வைத்தேன். எஸ்எஸ்டியை லேப்டாப்பில் போட்டு ஆன் செய்தால், செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே, பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் திரையில் 'வணக்கம்' வந்தது (ஆங்கில எழுத்தில்தான், அந்தக் கன்சோலில் தமிழ் வராது). ஒரு எச்சரிக்கையும் இல்லை. எக்கோ இருந்த இடத்தில் பாஸ்வேர்டைக் குறித்து வைக்கும் வரி இருந்திருந்தாலும் இதே கதைதான். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

அடுத்த வாரம் முழுக்க இதற்கே போனது. தீர்வு யூகேஐ: கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி மூன்றையும் ஃபர்ம்வேர் நேரடியாக ஓட்டக்கூடிய ஒரே இஎஃப்ஐ ஃபைலாக்கி, அந்த மொத்தத்துக்கும் ஒரு கையொப்பம். இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் கருவியான மேக்இனிட்சிபியோவின் பிரீசெட்டில் (அமைப்பு ஃபைலில்) சில வரிகள் மாற்றினால் அதுவே கட்டிக் கொடுக்கிறது. அவசரத்துக்கு உதவும் ஃபால்பேக் இமேஜ் எழுதும்போது, பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை. அன்று கஞ்சத்தனமாக இடம் ஒதுக்கியதன் பலன். ஃபால்பேக்கை விட்டுவிட்டு, நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலுக்கு ஒரு யூகேஐ வைத்துக்கொண்டேன். பழைய கெர்னல் ஃபைல்களை அழிக்க மறக்கக் கூடாது. கையொப்பத்தோடு அவை அங்கேயே கிடந்தால் பழைய ஓட்டையும் அப்படியே கிடக்கும்.

மறுபடி திருட்டு வேலை. யூகேஐயில் ஒரே ஒரு பைட்டை மாற்றினேன். ஏற்க மறுத்துவிட்டது. இந்த முறை டீ முழுதாக உள்ளே போனது.

ஆனால் யாராவது ஃபர்ம்வேருக்குள் போய் செக்யூர் பூட்டையே அணைத்தால்? ஃபர்ம்வேருக்குப் பாஸ்வேர்டு வைத்தேன். அதை மட்டும் நம்பாமல், டிஸ்க் சாவி ஒன்றை, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பில் பிசிஆர் 7 என்ற பதிவேட்டுடன் கட்டினேன், கூடவே ஒரு பின் நம்பர். செக்யூர் பூட்டின் நிலையும் அந்த நான்கு இடங்களில் உள்ள சாவிகளும் பிசிஆர் 7-இல் அளவிடப்படுகின்றன. அதில் எது மாறினாலும் சிப் சாவியைத் தராது. செக்யூர் பூட்டை நானே அணைத்துப் பார்த்தேன். பின் நம்பரால் திறக்கவில்லை, பழைய நீளமான பாஸ்வேர்டைத்தான் கேட்டது.

போன வியாழக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தால் அதே நீளமான பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கிறது. நான் எதையும் அணைக்கவில்லை. கை விசைப்பலகையில் போகவே மறுத்தது. கவிழ்த்துப் போட்டு, திருகுகளில் யாராவது கைவைத்த கீறல் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. முந்தைய இரவு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டிருந்தேன், அதில் டிபிஎக்ஸ் பட்டியலும் புதிதாக வந்திருந்தது.