அந்த "ம்"

ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் பலன் சொல்ல டாரோ கார்டை கலைக்க எடுத்தாலே அந்தப் பொண்ணு குரல்தான் முதல்ல வருது. "அப்போ அவங்கதானக்கா?"ன்னு கேட்டா. நான் "ம்"னு சொன்னேன்.

ஆபீஸ் பிரச்சனைன்னு வந்தா நான் மூணு கார்டுதான் போடுவேன். முதல் எடம் கேக்குறவங்களுக்கு, ரெண்டாவது எதிராளிக்கு, மூணாவது ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன ஓடுதுன்னு பாக்க. கேக்குறவங்களுக்கும் ஒரு எடம் வேணும்னேதான் வச்சேன், ஏன்னா அப்ரைசல் சமயத்துல வர்றவங்க பெரும்பாலும் அடுத்தவங்களப் பத்தி மட்டும்தான் கேப்பாங்க. அவளும் அப்படித்தான், ராத்திரி வீடியோ கால்ல வந்து, தான் செஞ்ச வேலைய டீம் லீட், க்ளையன்ட் முன்னாடி அவங்க வேலை மாதிரி காட்டிட்டாங்க, ரேட்டிங்கும் போச்சுன்னு சொல்லும்போதே அழுதுட்டா.

முதல் எடத்துல செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். கூடாரத்துலருந்து அஞ்சு வாளை அள்ளிக்கிட்டு, ரெண்ட அங்கயே விட்டுட்டு, நுனிக்கால்ல நழுவிப் போறவன், முகம் மட்டும் பின்னாடி திரும்பியிருக்கும். அவளோட எடத்துல அந்த கார்டு. லீட் எடத்துல எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணையும் கையையும் கட்டி நிக்கிற பொண்ணு.

நான் சொன்னது இதுதான்: "யாரோ ஒருத்தர் மறைச்சு எதையோ எடுத்துட்டுப் போறாங்க." பொய் இல்ல. ஆனா "நீங்க"ன்னு வர வேண்டிய எடத்துல "யாரோ"ன்னு போட்டேன். அதுக்கப்புறம்தான் அவ அப்படிக் கேட்டா, நானும் "ம்"னேன்.

அழுதுட்டு இருக்கறவகிட்ட இந்த கார்டு உன்னத்தான் காட்டுதுன்னு எப்படிச் சொல்றது? அதோட இந்த கார்டுக்கு ஒரே அர்த்தமும் கிடையாது. 1909ல வந்த இந்த டாரோ கார்டு கட்டை உருவாக்கின வெய்ட்டே இதுக்கு திட்டம், முயற்சி, நம்பிக்கை, சண்டைன்னு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம அடுக்கிட்டு, அர்த்தங்கள் முரண்படறதால படம் என்ன சொல்லுதுன்னு உறுதியில்லன்னு எழுதி வச்சிருக்கார். நாம திருட்டுன்னு படிக்கிறது பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச அந்த நடையையும் அந்தத் திரும்பின முகத்தையும் பாத்துதான். அவ மனசுல ஓடற பயம் அவ எடத்துல வந்து விழுந்திருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிறேன், ஆனா கார்டைத் திருப்பின அந்த செகண்ட்ல எனக்கு இது எதுவும் தோணல, இவளாச்சேன்னுதான் தோணுச்சு.

எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ அரை வாக்கியத்துல கடந்துட்டேன். "அவங்களும் ஏதோ நெருக்கடில இருக்காங்கம்மா"ன்னேன், "அவங்களுக்கு என்னக்கா நெருக்கடி"ன்னா, விட்டுட்டேன். மூணாவதா வந்தது ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ், அஞ்சு பேர் கழிய ஓங்கிக்கிட்டு நிப்பாங்க, யார் மேலயும் அடி விழுந்திருக்காது. வெய்ட் அதை ஒத்திகைச் சண்டை மாதிரிதான் சொல்றார். பேசித் தீத்துக்கலாம்னு சொல்ல அதைவிட நல்ல கார்டு வராது. அதையும் சொன்னேன், ஆனா "ம்"முக்கு அப்புறம் சொன்னது எதுவும் அவ காதுல ஏறல.

மூணு வாரம் கழிச்சு சந்தோஷமா கூப்பிட்டா. "நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சுக்கா, அவங்கள வேற ப்ராஜெக்ட்டுக்கு மாத்திட்டாங்க." லீட் டீக்கு எழுந்து போனப்போ லாக் பண்ணாம விட்ட லேப்டாப்ல இருந்த சாட்டை போன்ல போட்டோ எடுத்தாளாம், அதைத்தான் ஹெச்ஆருக்கு அனுப்பினாளாம். எனக்கு அந்த நுனிக்கால்தான் கண்ணுல வந்து நின்னுச்சு. வாழ்த்துக்கள்மான்னு சொல்லி வச்சுட்டேன்.

இப்போ கார்டைத் திருப்பறதுக்கு முன்னாடியே இது யாரோட எடம்னு வாய்விட்டுச் சொல்லிடறேன். போன வாரம் ஒரு தம்பி, மேனேஜரோட தகராறு, தம்பியோட எடத்துல ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஜெயிச்சவன் வாளோட நிக்க ரெண்டு பேர் தலைகுனிஞ்சு போவாங்களே, அது. "இது நீங்கதான் தம்பி"ன்னு நேராவே சொன்னேன். போனை கட் பண்ணிட்டார். சரியாப் பண்ணோம்ங்கற நிம்மதி வரும்னு நெனச்சேன், வரல. அவரும் அன்னைக்கு யார்கிட்டயாவது ஒரு ஆறுதலுக்குத்தான் வந்திருப்பார்.

அந்த போட்டோ ரீடிங்குக்கு முன்னாடி எடுத்ததா பின்னாடி எடுத்ததான்னு நான் அவகிட்ட கேக்கல. முன்னாடின்னா கார்டு அவளைச் சரியாத்தான் காட்டியிருக்கு, நான்தான் மறைச்சேன். பின்னாடின்னா அந்தத் துணிச்சல நான்தான் கொடுத்திருக்கேன். அவ நம்பர் போன்லதான் இருக்கு.