வாள்மீனும் ஆழ்கடல் இயந்திரமும்

1967 ஜூலையில், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 600 மீட்டர் ஆழத்தில் இருந்த ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கியின் மீது ஒரு வாள்மீன் பாய்ந்தது. அதன் மூக்கு வெளிக்கூட்டின் இடுக்கில் செருகிக்கொண்டு மீளவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீனையும் சுமந்தபடியே நீர்மூழ்கி மேலேறியது. அந்த மீன் கப்பலில் சமைக்கப்பட்டது.

நமக்குப் பக்கத்துக் கடலிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 1864இல் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட டிரெட்நாட் என்ற கப்பலில் நீர் கசிய, கொச்சியில் சாய்த்துப் பார்த்தபோது அடிப்பாகத்தில் ஓரங்குலத் துளை தெரிந்தது. துளையிட்டது வாள்மீனா என்ற கேள்வி காப்பீட்டு வழக்காக நீதிமன்றம் வரை போனது.

மதுரைக்குக் கடல்மீன் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. வாள்மீனைப் போல நீண்ட மூக்குடைய மயில்மீனை மாட்டுத்தாவணிச் சந்தையில் துண்டு போட்டே விற்கிறார்கள். முழு மீனை எங்கள் ஊரில் பலர் பார்த்ததே இல்லை. ஆகவே, எண்ணெய்க் கிணறுகளில் வேலைசெய்யும் ஆளில்லா நீர்மூழ்கிகளில் வாள்மீன் மோதும் காணொளி கைப்பேசிக்கு வந்தால், அது வெறிபிடித்த மீன் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாள்மீன் பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கணவாயையும் சிறு மீன்களையும் வேட்டையாடுகிறது. அந்தக் குளிரிலும் வேகமாக நகரும் இரையைக் கண்டுகொள்வதற்காக, கண்தசையிலிருந்து உருவான ஓர் உறுப்பு அதன் கண்களையும் மூளையையும் சூடாக வைத்திருக்கிறது. இருளுக்கென்றே அமைந்த அத்தகைய கண்களுக்கு முன்னால் நாம் கொண்டுபோய் வைப்பதோ கண்கூசும் விளக்குகள். கடலில் நிற்கும் எந்தக் கட்டுமானத்தைச் சுற்றியும் சிறு மீன்கள் கூடும், வெளிச்சம் கணவாயை இழுக்கும், இரையைத் தேடிப் பெரிய மீன் வரும். இரையை வெட்டிச் சாய்க்கும் வேகத்தில் பாய்கிற மீனுக்கு எஃகுச் சட்டத்தைக் கண்டு விலக அவகாசம் ஏது? சில வேளை மூக்கு முறிந்து, தைத்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

சுறாக்களின் கதை வேறு: 1980களில் கேனரித் தீவுகளருகே அவை கடலடியில் கிடந்த தொலைத்தொடர்பு ஒளியிழை வடத்தைக் கடித்தன, பிறகு வடங்களுக்கு உலோகக் கவசம் போட்டார்கள். இயந்திரத்துக்குக் கவசம் செய்வது நமக்குக் கைவந்த வேலை. மீனுக்காகச் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது: ஆழ்கடல் உயிர்களைப் படமெடுக்கும் ஆய்வாளர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு ஒளியைப் பல காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். எண்ணெய் நிறுவனங்களும், வெள்ளை விளக்கு கட்டாயம் தேவைப்படாத நேரங்களிலாவது, அதற்கு மாற வேண்டும்.