எத்தனை நிமிடம்?

இடுப்பு வலிக்கு வருகிறவர் நிரப்பும் படிவத்தில் 0 முதல் 10 வரை ஒரு கோடு இருக்கும். வலி எவ்வளவு என்று அதில் வட்டம் போட வேண்டும். பல வருடமாக வலியோடு குடித்தனம் நடத்துகிறவர் 6 அல்லது 7-ல் போடுவார். போன மாதமும் அங்கேதான் போட்டிருப்பார். பிஸியோதெரபி வேலையில் அந்த எண்ணை வைத்து அதிகம் செய்ய முடியாது. கேட்க வேண்டியது வேறு. எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது? எத்தனை நிமிடம் நின்றால் காலுக்கு இழுக்கிறது? எவ்வளவு தூரம் நடந்ததும் கண் உட்கார இடம் தேடுகிறது? காலையில் எழுந்தபின் இறுக்கம் விட எவ்வளவு நேரம்?

கடைசிக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் வட்டு தேய்வதால் வரும் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அரை மணியையும் தாண்டி நீடிக்கிறது, படுத்தால் கூடி நடமாடினால் குறைகிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, 45 வயதுக்கு முன்பே தொடங்கி 3 மாதத்துக்கு மேல் ஆகிறது என்றால், அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அவரைப் பார்க்க வேண்டியவர் மூட்டுவாத மருத்துவர். இப்படிப்பட்டவர்கள் 'ஜவ்வு விலகல்' என்ற பெயரில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அலைவது இந்தத் துறையின் பழைய பிழை.

நடையும் நிறையச் சொல்லும். 5 நிமிடம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சட்டென்று விட்டுப்போகிறது, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தூரம் கூடுகிறது என்றால் முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் குழாய் குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். உட்கார்ந்தால், குனிந்தால், தும்மினால் ஒற்றைக் காலில் கெண்டை வரை சுரீரென்று இறங்கினால் வட்டுப் பிதுக்கம். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில் ஒன்று, அறிக்கையில் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 என்றிருக்கும். ஒருவருக்குக் குனிந்தால் சுகம், மற்றவருக்குக் குனிந்தால் வலி. இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தனுப்பினால் ஒருவருக்குக் கட்டாயம் கூடும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கை இதற்கெல்லாம் பிறகுதான். 1994-ல் வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில் 52 சதவீதம் பேருக்கு ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்வு. 80 வயதில் 96 சதவீதம். படத்தில் தெரியும் இடமும் காலில் வலிக்கும் இடமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த அறிக்கை நரையைப் போல வயதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இனி நிமிடக் கணக்கு. உட்கார்ந்து 30 நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்றால் எழ வேண்டியது 20-வது நிமிடத்தில். வலி வந்தபின் எழுவது தாமதம். வளைந்தே இருக்கும் தசைநார்கள் மெல்ல மெல்ல நீண்டுகொடுக்கும். எழுந்தவுடன் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நீண்ட கார்ப் பயணம் முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது இதனால்தான். இறங்கி 2, 3 நிமிடம் நடந்துவிட்டுத் தூக்கலாம். 2 வாரம் 20 நிமிடத்தில் தொல்லை இல்லையென்றால் 25 ஆக்கலாம்.

நாற்காலி எவ்வளவு விலை என்பதைவிட எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதே முக்கியம். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் 2, 3 விரல் நுழைய வேண்டும். சாய்மானம் நேர் 90 பாகையாக வேண்டாம், 100 முதல் 110 வரை இருக்கட்டும். முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் துண்டைச் சுருட்டி வைக்கிறவர்கள் அதை எப்போதும் கீழேதான் வைக்கிறார்கள், வால் எலும்புக்கு மேலே. அங்கே வைத்தால் இடுப்பு முன்னால் சறுக்கும், முதுகு கூன் போடும், வைக்காமலிருப்பதே மேல். பெல்ட் கட்டும் மட்டத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

காலை முதல் ஒரு மணி நேரம் தனிக் கணக்கு. இரவு முழுக்க வட்டு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடியிருப்பது அதனால்தான். அந்த உப்பலில் பாதிக்கு மேல் எழுந்த ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை குனிந்தால் வட்டின் மேல் இறங்கும் அழுத்தம் அதிகம். காலைக் குனிதலைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட வலி குறைந்ததை 1998-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. செலவில்லாத வைத்தியம்: பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது, வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றி முகம் கழுவுவது, சாக்ஸ் போடக் குனியாமல், உட்கார்ந்து காலை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் காலைத் தொட்டுக் குனியும் பயிற்சியை வட்டு நோயாளிக்கு யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

தூக்குவதில் எடையைவிடத் தூரம் கெடுக்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்.எச். தந்த வாய்ப்பாட்டில் எல்லாம் சரியாக அமைந்த நிலையில் உச்சவரம்பு 23 கிலோ. கணுக்காலிலிருந்து கை 25 சென்டிமீட்டரில் இருந்தால்தான் அது. 50 சென்டிமீட்டருக்குப் போனால் 11.5 கிலோ. இதுவும் ஆரோக்கியமான முதுகுக்கான கணக்கு. 'முழங்காலை மடக்கித் தூக்கு' என்று சுவரில் ஒட்டியிருப்பதைவிட 'வயிற்றோடு அணைத்துத் தூக்கு' என்று ஒட்டியிருக்கலாம்.

பயிற்சியில் 1956-ஐ மறக்க முடியாது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிஸியோதெரபிஸ்டின் சிகிச்சை அறையில், கால் வலிக்காரர் ஒருவர் தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த படுக்கையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். எழுந்தபோது கால் வலி குறைந்திருந்தது. அதிலிருந்து பிறந்த பாடம் இன்றும் பயன்படுகிறது: எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எங்கே வலிக்கிறது என்று பார். குப்புறப் படுத்து 2 நிமிடம் முழங்கையில் ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி 10 முறை மேலுடலை மட்டும் தூக்கும்போது, கெண்டை வலி தொடைக்கும், தொடை வலி புட்டத்துக்கும் ஏறினால் நல்லது. நடு இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் தொடரலாம். கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்த வேண்டும். நரம்புக் குழாய் குறுகியவருக்கும் முதுகெலும்பு ஒன்று முன்னால் நழுவியவருக்கும் இது பெரும்பாலும் ஒத்துவராது.

வலுவுக்கு, கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றி, வலது கை, இடது காலை ஒரே நேரத்தில் நீட்டுவது. 10 விநாடி பிடித்து இறக்கி, பக்கத்துக்கு 6, 4, 2 என்று இறங்குவரிசையில் மூன்று சுற்று. தப்பு நடப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான்: காலை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்குவது. வயிறு தொங்கும், இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், மூச்சும் நின்றுபோகும். இடுப்பின்மேல் காலி பிளாஸ்டிக் டம்ளரை வைத்தால் சொல்லித்தர ஆள் வேண்டாம், விழுந்தால் தப்பு.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக: வலி நிவாரணிகள் குறைந்த அளவில், குறைந்த நாள். ரத்த அழுத்தத்துக்கு மருந்தும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போடக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். அறுவை சிகிச்சை கால் வலியைத் தணிக்கும் அளவுக்கு இடுப்பு வலியைத் தணிப்பதில்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் வரும் ஏமாற்றம் அதிகம்.

ஆள் சறுக்குவது வலி கூடிய நாளில் அல்ல, நல்ல நாளில். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அன்றைக்கு முடிப்பார். அடுத்த 3 நாள் படுக்கை. அதனால் நல்ல நாளிலும் 20 நிமிடம் என்றால் 20 நிமிடம்தான்.

திடீரென்று கூடும் நாளுக்கு ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். முதல் 2 நாள் எல்லா நிமிடங்களும் பாதி; பூஜ்யம் அல்ல. மல்லாந்து படுத்து கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலிமேல் வைத்து 10, 15 நிமிடம். மணிக்கொரு தரம் வீட்டுக்குள் 5 நிமிட நடை. 3-வது நாள் முக்கால் பங்கு. தாளின் பின்பக்கம் நான்கு வரி: சிறுநீர் வரவில்லை அல்லது கட்டுப்படவில்லை, ஆசனவாயைச் சுற்றி, தொடை இடுக்கில் மரத்துவிட்டது, இரண்டு காலும் தளர்கிறது, பாதம் தொங்கிப் படி தடுக்குகிறது. இவற்றுக்கு மட்டும் நிமிடம் எண்ணுவதில்லை, எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு.