லிங்க் விற்கும் தளத்தில் நான் பார்ப்பவை

எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஷீட் பழகியதுதான். மற்ற தளங்கள் தரும் லிங்க்குகள் தரவரிசைக்கு உதவும் என்பதால் அவற்றைக் காசுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். லிங்க் விற்கிறவர் மெயிலில் அனுப்புவார்: வரிசையாகத் தளங்களின் பெயர், பக்கத்தில் டிஏ, டிஆர் என்ற இரண்டு மார்க்குகள், மாத டிராஃபிக், ஒரு கெஸ்ட் போஸ்ட்டுக்கு (நம் லிங்க்கோடு அங்கே வெளியாகும் கட்டுரை) எத்தனை டாலர், வலது ஓரத்தில் கேசினோ, கிரிப்டோ என்றால் தனி ரேட். எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் டிஆர் அதிகமுள்ள தளங்களை மேலே கொண்டுவந்து அங்கிருந்து தேட ஆரம்பிப்பார்கள். நான் அந்த வலது ஓரத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். சூதாட்டத்துக்கு ரேட் போட்டு வைத்திருக்கும் தளம், காசு கொடுத்தால் யாருக்கும் லிங்க் தருவேன் என்று எழுதியே கொடுத்துவிட்டது. அதற்கு மேல் அங்கே ஆராய ஒன்றும் இல்லை.

டிஆர் அஹ்ரெஃப்ஸ் என்ற எஸ்இஓ நிறுவனம் போடும் மார்க், டிஏ மோஸ் என்ற இன்னொரு நிறுவனம் போடும் மார்க். இரண்டும் கூகுளின் கணக்கு அல்ல. போட்டியாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், ஆனால் விற்கிறவர் காட்டும்போது நம்புவதில்லை, ஏனென்றால் லிங்க்குகள் சேர்ந்த பழைய டொமைன் ஒன்றை வாங்கித் தன் தளத்துக்கு ரீடைரக்ட் செய்தாலே (திருப்பிவிட்டாலே) அந்த எண்ணை ஏற்றிவிட முடியும். டிராஃபிக்கும் அப்படித்தான். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு விட்டுவிடாமல், எதைத் தேடி, எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பராமரிப்புத் தளம் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் வருகிற கூட்டம் முழுக்க நடிகர்களின் சொத்து மதிப்பைத் தேடி வந்ததாக இருக்கும். லண்டனில் பிளம்பிங் வேலை செய்யும் கிளையன்ட்டுக்கு அந்தக் கூட்டத்தால் என்ன பயன்?

அப்புறம் வேபேக் மெஷின், தளங்கள் முன்பு எப்படி இருந்தன என்று சேமித்து வைத்துக் காட்டும் இணையக் காப்பகம். இதில் நான் நிறைய நேரம் செலவிடுவேன். டொமைனைப் போட்டுப் பத்து வருடம் பின்னால் போனால், அங்கே ஒரு சின்ன ஊரின் தொண்டு நிறுவனமோ பள்ளியோ இருக்கும். அவர்கள் புதுப்பிக்காமல் விட்ட பெயரை யாரோ வாங்கி, அதே பெயரில் கடன், மெத்தை, விபிஎன் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல மனிதர்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கை அது. 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தனி ஸ்பேம் விதியாகவே சேர்த்துவிட்டது.

இவ்வளவும் பார்த்து ஒரு தளம் தேறினால், தரமான தளம் என்று சொல்லலாம். பாதுகாப்பான லிங்க் என்று சொல்ல முடியாது. கிளையன்ட்டுகளுக்கு இதைப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி. 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பேஜ்ரேங்க்கைக் கொண்டுவந்தபோது அதன் அடிப்படையே, ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் தரும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணுவதுதான். ஓட்டுக்குக் காசு கொடுத்தால், கொடுத்த இடம் எவ்வளவு கௌரவமானது என்பது கணக்கில் வராது. 2013இல் பிரிட்டனில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோரா, பிராந்தியச் செய்தித்தாள்களின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் போட்டு லிங்க் வாங்கியது. நிஜமான பத்திரிகைகள், நிஜமான வாசகர்கள். ஆனாலும் சொந்தப் பெயரைத் தேடினால்கூட கூகுளில் கிடைக்காத நிலை சில நாட்கள் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் காசு கொடுத்து எழுதவைத்த பதிவு ஒன்றில் நோஃபாலோ (இந்த லிங்க்கை ஓட்டாக எண்ண வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) இல்லாமல் போனதற்காக, கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே 60 நாட்களுக்குக் கீழே தள்ளியது.

கிளையன்ட் கேட்பார்: "போட்டிக் கம்பெனி வாங்கிக்கிட்டேதான் இருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" நியாயமான கேள்விதான். 2016இல் பென்குயின், அதாவது மோசமான லிங்க்குகளைப் பிடிக்கும் கூகுளின் அல்காரிதம், மாறிய பிறகு, மோசமான லிங்க்குகளுக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. போட்டியாளர் வாங்கியவற்றில் எது எண்ணப்படுகிறது, எது வெறும் செலவு என்று அவருக்கே தெரியாது. சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவி) மேனுவல் ஆக்‌ஷன், அதாவது கூகுள் ஆட்கள் பார்த்து விதிக்கும் தண்டனை, வந்தால் மட்டும் தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு விற்பனையாளரிடமும் லிங்க்கை எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், எடுப்பதற்கும் சிலர் காசு கேட்கிறார்கள்.

அதனால் நான் விற்கிறவரிடம் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஸ்பான்சர்டு டேக் (இது காசு கொடுத்து வாங்கிய லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போட்டுத் தருவீர்களா? 2019இலிருந்து இருக்கும் டேக் அது, போட்டால் கூகுளின் விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் தரவரிசைக்காக அந்த லிங்க்கை நம்ப முடியாது, வாசகர்களுக்காக மட்டுமே வாங்குகிறோம். நிஜமான வாசகர்கள் உள்ள தளம் உடனே சரி என்கிறது, அதே விலைக்கு. மற்றவர்கள் டூஃபாலோ, அதாவது அப்படி எந்தக் குறியும் இல்லாத லிங்க், மட்டும்தான் தருவோம் என்கிறார்கள், அந்தப் பெயர்களை ஷீட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன்.