மதிப்பெண் போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பித்தது

இறுதியாண்டு மாணவர்களின் திட்டக் கட்டுரைகளை இந்த முறை கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறையிலேயே வாங்கித் திருத்தினேன். வகுப்பு திறப்பது, மாணவர்களைச் சேர்ப்பது, ரூப்ரிக் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணை) போடுவது எல்லாம் சுலபம். ரூப்ரிக்கை மட்டும் கணினியில் உருவாக்குங்கள், கைப்பேசிச் செயலியில் தேடாதீர்கள்.

முதல் தலைவலி, கோப்புக்குப் பதிலாக இணைப்பை ஒட்டியவர்களால் வந்தது. காப்பித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஏற்காட்டு மாணவியின் இணைப்பைத் திறந்தால் ‘அனுமதி கோருக’ என்றது. கோரினேன், பதில் இல்லை. அவள் இருப்பதோ சிக்னல் எட்டாத மலைக் கிராமம். ஒருநாள் அவகாசம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால், “தேதி முடிந்தால் ‘வரவில்லை’ என்றுதான் சார் பதிவாகும்” என்றார் எழுத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பாவம், அந்தப் பெண் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு வந்து கோப்பை ஏற்றிவிட்டுப் போனாள். கெடு தேதிக்கு முன்பே எல்லா இணைப்புகளையும் திறந்து பாருங்கள். இணைப்பாக வந்ததை மாணவர் பிறகும் மாற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது எழுத்துரு. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றிய கட்டுரையில் நகல் எதுவும் இல்லை என்றது சோதனைக் கருவி. ஆனால் முதல் பக்க நடை மாணவர் நடையாக இல்லை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. தட்டச்சு மையத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்! கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. பிறகு எதனோடு ஒப்பிடும்? தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றித் தேடியதும் மூலம் அகப்பட்டது. அந்தப் பகுதியை நீக்கச் சொன்னேன். தொட்டியில் மாவு படிவதையும், ஈரமாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்குவதையும் தொழிலாளி ஒருவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிய பேட்டி கடைசிப் பக்கங்களில் கிடந்தது. அதை முன்னால் கொண்டுவந்தார்கள். இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டா இரவல் வாங்கினார்கள் என்று இன்னும் ஆறவில்லை.

மதிப்பெண் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாக இறக்கி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்ததால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சிதைந்து, ‘பெயர் இல்லாத பட்டியல்’ என்று திரும்பி வந்தது. எக்செலின் ‘டேட்டா’ பகுதி வழியாக, யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியீட்டு முறையைத் தேர்ந்து திறந்தால் பெயர்கள் ஒழுங்காக வரும். கூகுள் ஷீட்ஸுக்கே நேரடியாக அனுப்புவது இன்னும் எளிது. இத்தனைக்கும் பிறகு, மையில் கையெழுத்திட்ட தாளும் வேண்டும் என்றார் அதே எழுத்தர். அச்செடுத்து, ஒப்பமிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். நீங்களும் வாங்காமல் நகராதீர்கள்.

இன்னொன்று: மதிப்பெண்ணை உள்ளிட்டதோடு நிறுத்திவிட்டால் அது வரைவாகவே கிடக்கும். ‘திருப்பியனுப்பு’ பொத்தானை அழுத்தினால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.