இரவல் கேட்காதீர்கள்

கிண்டி தாண்டும்போது எதிர் சீட்டுப் பெரியவர் குபீரென்று சிரித்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

கையில் பழைய பைண்டு புத்தகம். வார இதழில் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கதை பாதிப் பக்கம், மீதியில் ஏதோ தைல விளம்பரம். அட்டையில் மங்கிய மையில்: 'துப்பறியும் சாம்பு. இரவல் கேட்காதீர்கள்.'

கேட்கவில்லை. எட்டித்தான் பார்த்தேன்.

1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதியது. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. மூளைக்கும் அவருக்கும் கொஞ்சம் தூரம். எங்கேயாவது தடுக்கி விழுவார், அங்கே திருடன் மாட்டுவான். எதையாவது உளறுவார், அதுவே துப்பாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் கோபாலன் அதில் ஒரு மகா தந்திரத்தைக் கண்டு மெய்சிலிர்ப்பார்.

மற்ற துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயம் வந்தால் நாம்தான் முட்டாள். கண்ணெதிரே கிடந்த துப்பைக் கோட்டை விட்டிருப்போம். இங்கே தலைகீழ். துப்பறிகிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்ற ரகசியம் அவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். (சில கதைகளில் அவருக்கே தெரியாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

குற்றவாளி யார் என்பது இதில் யாருக்கு வேண்டும்? இந்த அசடு இந்தத் தடவை எப்படித் தப்பிக்கும் என்பதுதான் மர்மமே.

இன்னொன்று. மேதாவிப் பட்டம் கொடுப்பது முழுக்கக் கோபாலன் வேலை. சாம்பு பெரும்பாலும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸில் சாம்பு ஒருவர்தான். கோபாலன்கள் ஏராளம். அப்ரைசல் மாதத்தில் இன்னும் பெருகுவார்கள்.